உருளைக்கிழங்கு வெட்டியும் சுழல் மேசையும்

சுழல் மேசை ஒன்று பார்க்கப் போக வேண்டும், சனிக்கிழமை காரை எடுங்கள் என்று நான் சொன்னபோது, என் கணவர் அதைச் சாப்பாட்டு மேசை என்று நினைத்துக்கொண்டார். சீன உணவகங்களில் கறிக் கிண்ணங்களை வைத்து நடுவில் சுற்றுவார்களே, அப்படி ஒன்று. சனிக்கிழமை காலை வெளியே வந்து பார்த்தால், காரின் பின் இருக்கையை மடித்து, பழைய கம்பளி ஒன்றை விரித்து, கயிறும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"கால் கழட்டலாமோ?" என்று கேட்டார்.

"என்ன கால்?"

"மேசைக் கால்."

"அதுக்குக் கால் இல்லை."

"காலில்லாத மேசையை வாங்கி என்ன செய்யப் போறீர்?"

காரில் ஏறியபின் விளக்கிச் சொன்னேன். அது ஒரு கனத்த இரும்புப் பெட்டி. அதன் மேல் வட்டமான இரும்புத் தட்டு. பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் மேலே இருக்கும் தட்டு நாலே நாலு பாகைதான் திரும்பும். தட்டில் எதைப் பூட்டினாலும், வேண்டிய அளவுக்குத் துல்லியமாகத் திருப்பித் திருப்பி வைத்து, உலோகம் செதுக்கும் மில்லிங் மெஷினுக்குக் கீழே துளை போடலாம். அவர் கடைசிவரை கேட்டார்.

"அப்ப கயிறு தேவையில்லை" என்றார்.

கொஞ்சத் தூரம் போனபின் நானே கேட்டேன். "வேலை இல்லாத நேரத்தில இது தேவையோ எண்டு நீங்கள் கேக்கேல்லை."

"நீர் உம்மட்டை அதைக் கேட்டிருப்பீர்தானே. பேந்து நானும் ஏன்?"

உண்மைதான். பல நாள் கேட்டிருந்தேன்.

விமானங்கள் கோபுரங்களில் மோதியபின், விமானத்தில் ஏற ஆட்கள் பயந்த காலம் அது. மொன்றியலின் சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மில்லிங் பகுதியில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். நத்தார், புத்தாண்டு விடுமுறை முடிந்து போனதும் எங்களைக் கூட்டம் கூட்டமாகக் கன்ரீனுக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு இரண்டாவது கூட்டம். ஓடர்கள் திரும்ப வந்தால் கூப்பிடுவோம் என்று அலுவலகத்திலிருந்து வந்தவர் சொன்னார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் கோப்பி மெஷினைப் பார்த்துச் சொன்னார். நான் "மெர்சி" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன்.

கார்ட்டியர்வில்லில் நாங்கள் இருந்த வீட்டின் பேஸ்மென்டில் எனக்கென்று ஒரு சிறிய மில்லிங் மெஷின் இருந்தது. நான் தொழில் படித்த பள்ளிக்கூடம் பழைய மெஷின்களைக் கழித்தபோது வாங்கியது. தொழிற்சாலையில் ஒரு பாகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் நாள் முழுக்கச் செதுக்குவேன். அது எங்கிருந்து வந்தது, அடுத்து எந்தக் கைக்குப் போகிறது என்பதெல்லாம் தெரியாது. ஏதாவது ஒன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நானே செய்ய வேண்டும் என்ற ஆசையில்தான் அந்த மெஷினைக் கீழே இறக்கினேன். இறக்கியபின் கதவுக் கொண்டி, கத்தரிக்கோல் திருகு என்று சில்லறை வேலைகள்தான் செய்திருந்தேன்.

வேலை போன அதே வாரம் என் சிநேகிதி வீட்டுக்கு வந்தாள். எங்கள் பங்குக் கோயிலில் பழக்கமானவள். என்னைவிட இளையவள். பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டாம் மாடி வீடொன்றில் இருந்துகொண்டு, பிறந்தநாள், செத்தவீட்டு அந்தியேட்டி, திருமணம் என்று எல்லாவற்றுக்கும் இடியப்பம் அவித்துக் கொடுப்பவள். இடியப்ப உரலைப் பிடித்து அமத்தி அமத்தி அவளுடைய வலது மணிக்கட்டு போய்விட்டது. இனிப் புழியக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடியப்பத்தைப் புழியாமல் எப்படி இறக்குவது என்று அவள் டொக்டரையே கேட்டிருக்கிறாள். அவருக்கு இடியப்பம் என்றால் என்னவென்று தெரியவில்லை.

அவள் கொண்டுவந்து என் குசினி மேசையில் வைத்தது ஓர் உருளைக்கிழங்கு வெட்டி. மொன்றியலில் பூட்டீன் என்ற கிழங்குப் பொரியல் விற்கும் கடை எதற்குப் போனாலும் சுவரில் ஒன்று பூட்டியிருக்கும். கிழங்கை வைத்து நீண்ட கைப்பிடியைக் கீழே இழுத்தால், சதுர வலைக்குள்ளால் விரல் விரலாக விழும். மூடப்பட்ட ஒரு கடையிலிருந்து அவளுடைய கணவர் கொண்டுவந்தாராம்.

"அக்கா, இதில இடியப்பம் புழியலாமோ?"

நான் சிரித்தேன். பிறகு கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. நெம்புகோலுக்கு நல்ல பலம். தோளாலேயே இழுக்கலாம், மணிக்கட்டு அசையத் தேவையில்லை. வலையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஓர் எவர்சில்வர் குழாய், குழாய்க்கு அடியில் கண்கள் போட்ட தட்டு, மேலே மாவைத் தள்ள ஒரு பிளாஸ்டிக் உருளை. செய்யலாம்.

"விட்டிட்டுப் போ" என்றேன். வேலை போனதை அவளுக்குச் சொல்லவில்லை. கணவரைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை.

குழாயும் உருளையும் சுலபமாக முடிந்தன. கண்கள் போட்ட தட்டுத்தான் என்னை உட்கார வைத்தது. கடைகளில் விற்கும் அச்சுகள் எல்லாம் சின்னவை, இந்தக் குழாய்க்குப் பொருந்தாது. கவராயத்தால் வட்டங்கள் கீறி, அளந்து குறித்து, கையால் புள்ளி குத்தித் துளைத்தேன். ஓரிடத்தில் கண்கள் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும், தட்டு அம்மை வந்த முகம்போல இருந்தது. மா குழைத்துப் புழிந்து பார்த்தேன். ஒரு பக்கம் நூலாகவும் மறுபக்கம் கயிறாகவும் விழுந்தது. சைன், கொசைன் பார்த்துக் கணக்குப் போட்டு, மெஷினின் இரண்டு சக்கரங்களையும் திருப்பித் துளைக்கலாம்தான். ஆனால் என் மெஷினின் திருகுகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துவிட்டவை. அவற்றை நம்பி அத்தனை துளை போட முடியாது.

அப்படித்தான் இணையத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. சுழல் மேசை, பாவித்தது, நல்ல நிலை, வந்து தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

விற்பவரின் வீடு அஹுன்ட்சிக்கில், ஆற்றுக்குக் கிட்ட. செங்கல் வீடு. வாசலில் பனியை ஒதுக்கி மதில்போலக் குவித்திருந்தது. கதவைத் திறந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க, பிரெஞ்சு பேசும் கெபெக்வா மனிதர். அகலமான கைகள். என் தலைக்கு மேலால் என் கணவரைப் பார்த்து "போன்ஷூர் முசியு" என்றார். கணவரும் "போன்ஷூர்" என்றார். அத்தோடு என் கணவருடைய பிரெஞ்சு முடிந்தது. உணவுப் பொருட்கள் வைக்கும் குளிர்க் களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் அவர். அங்கே எல்லோரும் கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வார்கள்.

கராஜில் பாதிச் சாமான்கள் ஏற்கெனவே பெட்டிகளுக்குள் போயிருந்தன. மேசை ஒரு நீளமான மர வாங்கின் மேல் தனியாக இருந்தது. மனிதர் அதன் பக்கத்தில் நின்று என் கணவருக்கு விளக்கத் தொடங்கினார். எங்கே எண்ணெய் விட வேண்டும், பூட்டு எது, எதை எந்தப் பக்கம் திருப்பக்கூடாது. கணவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தை மாற்றாமல் என்னிடம் தமிழில் கேட்டார்.

"இந்த மனுசன் என்னட்டை ஏதோ கேக்குது. ஓம் எண்டு சொல்லவோ?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ."

வாங்குவது நான்தான், மெஷின் வேலை செய்வதும் நான்தான் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் "ஆ, போன்" என்றார், அப்படியா என்பதுபோல. கொஞ்சமும் கூச்சப்படவில்லை. என் பக்கம் திரும்பி, அதே விளக்கத்தை முதலிலிருந்து தொடங்கினார். எங்கே எண்ணெய் விட வேண்டும், பூட்டு எது, எதை எந்தப் பக்கம் திருப்பக்கூடாது.

தட்டின் முகத்தை விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு இடங்களில் ட்ரில் கடித்த சின்னப் பள்ளங்கள் இருந்தன.

"ஒன்று என்னுடையது" என்றார். "மற்றது வாங்கும்போதே இருந்தது."

கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தேன். தட்டு அசையத் தொடங்கமுன் கைப்பிடி கொஞ்சத் தூரம் சும்மா போனது. தேய்மானம் இருந்தது, ஆனால் சரிசெய்யக்கூடியது. கைப்பையிலிருந்து டயல் கேஜை எடுத்தேன். முள் ஆடிக் காட்டும் சின்ன அளவுமானி அது. அதன் நுனியைத் தட்டின் விளிம்பில் தொடவைத்துத் தட்டைச் சுற்றினேன். மனிதர் விளக்கை எனக்குக் கிட்டவாக நகர்த்தினார். முள் மெல்லியதாகத்தான் ஆடியது. நல்ல மேசை.

அச்சகங்களில் மெஷின் திருத்தும் வேலை பார்த்தவராம். வீட்டை விற்றுவிட்டார்கள், இன்னும் சில கிழமைகளில் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார்கள். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவருடைய மனைவி படியிறங்கி வந்தார்.

"தயவுசெய்து கொண்டுபோங்கள்" என்றார் என்னிடம். "இல்லாவிட்டால் அதையும் படுக்கையறையில் வைப்பார்."

என் கணவர் உதவி செய்யும் ஆர்வத்தில் ஒரு கையால் மேசையைத் தூக்கப் பார்த்தார். அது அசையவில்லை. தோசைக்கல் அளவுதான் இருக்கும், ஆனால் சீமெந்து மூட்டையின் பாரம். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போய்க் காரிலிருந்த கம்பளியை எடுத்து வந்தார். மேசையை அதில் உருட்டி வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, பிள்ளைத்தாச்சியைக் கொண்டுபோவதுபோலப் பனியில் வழுக்காமல் நடந்து காருக்குள் வைத்தோம். வீட்டுச் செருப்போடேயே மனிதர் எங்களுக்குப் பின்னால் பனிக்குள் வந்து நின்றார். மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கார் தெருவில் திரும்பும்வரை அவர் உள்ளே போகவில்லை.

அடுத்த நாளே கழற்றத் தொடங்கினேன். பேஸ்மென்ட் நிலத்தில் சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களை விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய ஒழுங்கில் வைத்தேன். உள்ளே இருந்த கிறீஸ் தொதல் அல்வாபோல இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தேன். தட்டுக்குக் கீழே பெரிய பல்சக்கரம், அதைக் கடித்துக்கொண்டு திருகுபோன்ற தண்டு. அந்தத் தண்டை இழுத்தபோது மெல்லிய பித்தளை வளையம் ஒன்று டிக் என்று தாளில் விழுந்தது. எங்கிருந்து விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. கையால் வெட்டியது, விளிம்பு ஒரே சீராக இல்லை. இணையத்தில் தேடிப் பிடித்த வரைபடம் எதிலும் அப்படியொன்று இல்லை.

அது இல்லாமல் பூட்டிப் பார்த்தேன். ஆடியது. தண்டின் உள்முனையில் வைத்துப் பூட்டினேன். இறுகி நின்றுவிட்டது. இரண்டு நாள் அதோடு போனது. வேலை போனபின் முதல் தடவையாக, காலையில் எழும்பியதும் வேலை போனது நினைவுக்கு வரவில்லை, வளையம்தான் வந்தது.

அந்த நேரத்தில்தான் தொலைபேசி அடித்தது. விற்ற மனிதர்.

"மதாம், உங்களைத் தொந்தரவு செய்கிறேன். அந்த மேசையை நான் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா?"

"அது துண்டு துண்டாக இருக்கிறது" என்றேன்.

"எல்லாமா?" என்று கேட்டார்.

"எல்லாம்."

"நாளைக்கு வரலாமா?"

அடுத்த நாள் பின்னேரம் வந்தார். தலைமயிரை ஈரம் தொட்டு வாரியிருந்தார். நாங்கள் கொடுத்த காசை அப்படியே கொண்டுவந்திருந்தார். குசினி மேசையில் அதை வைத்துவிட்டுத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் கணவர் வேலை முடிந்து வந்திருந்தார். அந்த மனிதருக்கு விளங்காது என்ற துணிவில் எங்கள் வழக்கு அவருக்கு முன்னாலேயே நடந்தது.

"குடுத்துவிடுமன்" என்றார் கணவர். "பாவம், வயசு போன மனுசன்."

"நான் வாங்கினது. கழுவித் துடைச்சு வைச்சிருக்கிறன்."

"வேற ஒண்டு தேடி எடுக்கலாம்தானே."

"எடுக்கலாம். ஆனா இதை ஏன் குடுக்கவேணும்?"

"நீர் இப்பிடிக் கதைக்கிற ஆளில்லையே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகத்தான் சொன்னார்.

நானும் அதைத்தான் நினைத்தேன். யாராவது நயமாகக் கேட்டால் விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறவள்தான் நான். கன்ரீனிலும் நயமாகத்தான் சொன்னார்கள். அன்று நன்றி சொன்ன வாய் இன்றைக்கு ஓம் சொல்ல மறுத்தது. அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவரைப் பார்க்க உண்மையிலேயே பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கீழே தாளில் கிடக்கும் அந்தச் சாமான்கள் என்னுடையவை.

"மன்னிக்க வேண்டும், ஐயா" என்று பிரெஞ்சில் சொன்னேன். "நான் விற்கமாட்டேன். எனக்கு அதில் வேலை இருக்கிறது."

என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் பார்த்தார்.

"சரி" என்றார். "வந்ததற்கு ஒருமுறை பார்க்கலாமா?"

கீழே கூட்டிப்போனேன். தாள்களில் கிடந்த பாகங்களைக் கண்டதும் படியிலேயே ஒரு கணம் நின்றார். பிறகு மெதுவாகக் குனிந்து, வேறெதையும் தொடாமல் அந்தப் பித்தளை வளையத்தை எடுத்தார்.

"இது வெளியே வந்துவிட்டதா?"

"எங்கே போகும் என்று தெரியவில்லை. வரைபடத்தில் இல்லை."

"எப்படி இருக்கும்? நான் வெட்டியது. பழைய தண்ணீர்க் குழாயில் வெட்டினேன்." தண்டின் உள்முனையைக் காட்டி விரலை ஆட்டினார். "இங்கே இல்லை. வெளியே, கைப்பிடிக்குப் பின்னால்."

இருவரும் நிலத்தில் உட்கார்ந்து பூட்டினோம். நான் பாகங்களுக்கு எண்ணெய் தடவித் தடவிக் கொடுத்தேன், அவர் வைத்தார். பிறகு அவர் பிடித்துக்கொள்ள நான் முடுக்கினேன். கடைசித் திருகில்தான் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அவருக்குக் கைப்பிடி இறுக்கமாகத் திரும்ப வேண்டும், எனக்கு மெதுவாக ஓட வேண்டும். அவர் முடுக்கினார். நான் அரைவாசி தளர்த்தினேன். அவர் திரும்ப முடுக்கினார். அவர் போனபின் தளர்த்தலாம் என்று விட்டுவிட்டேன். பிறகு அவர் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். தட்டு ஒரு முழு வட்டம் வரக் கனநேரம் எடுக்கும். நான் பக்கத்தில் இருந்தேன்.

வட்டம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார். பழுதாய்ப்போன தட்டையும் உருளைக்கிழங்கு வெட்டியையும் காட்டினேன். வெட்டி அவருக்கு உடனே விளங்கியது. இடியப்பம் விளங்கவில்லை. மேலே என் கணவர், டொக்டர் சொன்னதைக் கேளாமல் சிநேகிதி புழிந்து கொண்டுவந்திருந்த இடியப்பத்தையும் தேங்காய்ப்பால் சொதியையும் சூடாக்கி வைத்திருந்தார். மனிதர் முள்ளுக்கரண்டியால் ஓர் இடியப்பத்தைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். சொதியை இன்னொரு தரம் வாங்கிக் குடித்தார்.

சாப்பிட்டபின் பேச்சு வந்தது. புதிய வீட்டில் ஒரு பல்கனியும், கீழே சாமான் வைக்க ஒரு கம்பிக்கூடும் உண்டாம். மேசையைக் கொண்டுபோனாலும் வைக்க இடமில்லை என்று அவருக்குத் தெரியுமாம்.

"காலையில் கராஜுக்குப் போனேன். வாங்கில் அந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. தூசி இல்லாமல்" என்றார். பிறகு, "நான் இங்கே வந்தது மனைவிக்குத் தெரியாது. சாமான் கட்டப் பெட்டி எடுத்துவரப் போகிறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்" என்றார்.

நான் இதைக் கணவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் எழும்பிக் கீழே போனார். களஞ்சியத்திலிருந்து கொண்டுவந்து அவர் சேர்த்து வைக்கும் மட்டைப் பெட்டிகள் எங்கள் பேஸ்மென்டில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும். அந்தக் கட்டை அப்படியே தூக்கிவந்து மனிதரின் காருக்குள் அடைத்தார். இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் வாசலில் நின்று கனநேரம் கதைத்தார்கள்.

மேசையை மெஷினில் ஏற்றியபோது அடுத்த சிக்கல் வந்தது. மெஷினின் தலைக்கும் சுழல் மேசைக்கும் நடுவில் இடம் போதவில்லை. ட்ரில்லைக் கவ்வும் பிடி நீளமானது, அதைப் பூட்டினால் தட்டு வைக்க இடமில்லை. வேறு கட்டையான பிடி ஒன்று தேடிப் பூட்டினேன். அதன்பின் நடு எடுக்க வேண்டும். சுழல் மேசையின் நடுவும் ட்ரில்லின் நடுவும் ஒரே கோட்டில் வராவிட்டால் வட்டம் வட்டமாக வராது. டயல் கேஜை மேலே பூட்டி, நுனியை மேசையின் நடுத்துளைக்குள் விட்டுச் சுற்றினால் முள் ஒரு பக்கம் ஓடும். மெஷினின் சக்கரத்தை மயிரிழை திருப்புவேன். திரும்பச் சுற்றுவேன். முள் இன்னொரு பக்கம் ஓடும். அரை நாள் அப்படிப் போனது. எனக்கு அதில் அலுப்பே வரவில்லை. ஒரு கட்டத்தில் நான் சுற்றச் சுற்ற முள் அசையாமல் நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எவர்சில்வர் தட்டைத் துளைப்பது பொறுமையான வேலை. மெல்லிய ட்ரில், அவசரப்பட்டால் சடக்கென்று முறியும். உள்வட்டத்திலிருந்து தொடங்கினேன். ஒரு துளை, கைப்பிடியைத் திருப்பு, பூட்டு, எண்ணெய் விடு, அடுத்த துளை. வட்டம் முடிந்து வரும்போது கடைசித் துளை முதல் துளைக்கு முன்னால் சரியான இடைவெளியில் வந்து நின்றது. மூன்று வட்டங்கள் அப்படி முடிந்தன. நாலாவது வட்டத்தின் நடுவில் சிநேகிதி படியிறங்கி வந்தாள். கையில் துணிப்பை, கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, பக்டறியில உங்களை நிப்பாட்டிப்போட்டினமாமே."

நான் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "ஆர் சொன்னது?"

"கோயில்ல கதைச்சினம். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல என்ன இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே ட்ரில்லை இறக்கினேன். இறங்கியபின்தான் தெரிந்தது. கைப்பிடியை நான் முழுதாகத் திருப்பவில்லை. புதிய துளை முந்தியதன் பக்கத்தில், நகம் வைக்கவும் இடமில்லாமல் ஒட்டிக்கொண்டு விழுந்திருந்தது.

மெஷினை நிறுத்தினேன். அவளும் பார்த்தாள்.

"என்னாலயோ?"

"இல்லை. கணக்கை விட்டிட்டன்."

அவள் படியில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு வேலை இல்லாத நேரத்தில நான் உங்களிட்டை ஓசியில வேலை வாங்கிக்கொண்டிருக்கிறன். நீங்கள் வாயைத் திறக்கேல்லை."

"ஓசி இல்லை" என்றேன். "இந்த வேலை இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிருக்கும்."

அதைச் சொன்னபிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய்க் கையோடு கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. அவள் எழும்பி வந்து தன் சால்வை நுனியால் துடைத்துவிட்டாள். கன்ரீன், கோப்பி மெஷின், நான் நன்றி சொன்னது எல்லாவற்றையும் அன்றைக்கு அவளிடம் சொன்னேன். அவள் நன்றி சொன்ன இடத்தில் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிறகு மிச்சத் துளைகளைப் போட்டு முடிக்கும்வரை அவள் வாய் திறக்காமல் இருந்தாள். அவளுக்கு அது பெரிய தண்டனை.

உயிர்த்த ஞாயிறன்று கோயிலில் எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு. இடியப்பம் அவள் பொறுப்பு. அதற்கு முதல் நாள் காலையில் என் கணவர் அவளுடைய குசினிச் சுவரில் மரச்சட்டம் அடித்து, அதில் உருளைக்கிழங்கு வெட்டியைப் பூட்டிக் கொடுத்தார். அவள் சிவப்பரிசி மாவைக் குழைத்துக் குழாய்க்குள் போட்டாள். நான் அவிக்கும் தட்டைக் கீழே பிடித்தேன். அவள் கைப்பிடியைத் தோளால் இழுத்தாள்.

முதலில் ஒன்றும் வரவில்லை. மா இறுக்கம் என்றாள், கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டாள். திரும்ப இழுத்தாள். எல்லாக் கண்களாலும் ஒரே நேரத்தில் மா இறங்கியது. நான் தட்டை வட்டமாகச் சுற்ற அது படிந்தது. நடுவில் ஒரு நூல் மட்டும் மற்றவற்றைவிடத் தடிப்பு, ஒட்டிப்போன அந்த இரண்டு கண்களால் வந்தது.

"வேற அச்சுத் தட்டு செய்து தாறன்" என்றேன்.

"நாளைக்குச் சாப்பாடு. இப்ப தட்டை நீட்டுங்கோ அக்கா."

இழுப்பதும் நீட்டுவதுமாக மத்தியானம் வரை நின்றோம். சாளரமெல்லாம் ஆவி படிந்து வெளியே தெருத் தெரியவில்லை. அவளுடைய பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டு வந்து, கைப்பிடியில் தொங்கப் பார்த்து, ஏச்சு வாங்கிக்கொண்டு போனார்கள். நடுநடுவே அவள் வலது மணிக்கட்டை உயர்த்திச் சுழற்றிக் காட்டினாள். நோகவில்லை என்பதற்காக.

இலையுதிர் காலத்தில் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். எல்லோரையும் அல்ல. போனேன். முதல் நாள் கன்ரீனில் பழைய முகங்கள் பாதிதான் இருந்தன. எனக்குப் பக்கத்து மெஷினில் நின்ற ஹெயிட்டிப் பெண்ணின் இடத்தில் வேறொருவர் நின்றார். அன்று பின்னேரம் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். லவாலில் சின்னப் பட்டறை ஒன்றில் சேர்ந்துவிட்டாளாம். சம்பளம் குறைவு, ஆட்கள் பரவாயில்லை என்றாள்.

"இத்தனை மாதமும் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டாள்.

பூட்டீன் கடை வெட்டியை இடியப்ப மெஷினாக மாற்றினேன் என்று சொன்னேன். இடியப்பம் என்றால் என்ன என்றாள். அரிசி மா, ஆவி, நூல் என்று பிரெஞ்சில் தெரிந்த சொற்களையெல்லாம் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் பிடிபடவில்லை. நான் நூலைப் பற்றிச் சொல்ல, அவள் அது தையல் மெஷினா என்று கேட்டாள். இருவரும் சிரித்து முடிய நேரம் எடுத்தது.

"சனிக்கிழமை வா" என்றேன். "சாப்பிட்டால் விளங்கும்."